தானே பார்த்துக்கொள்வாள்

சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
17-2-2002, ஞாயிறு

அன்புள்ள தங்கை ஜெசிந்தாவுக்கு,

இன்று மாலை மூன்று மணிக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான். மலாய்க் கம்பத்துச் சுபைதா, அவள் மகன் ஹக்கிம், காது கேட்காதவன். மளிகைக்கடை ஆ லான், அவள் மகள் மெய், எட்டு வயதாகியும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு வராதவள். எஸ்டேட் லயத்து மாரியாயி, அவள் புருஷன் தண்டபாணி, மகள் கோமதி, பார்வை குறைந்தவள். நம் பெர்னதெத், புதுச் சக்கர நாற்காலியில். ஆகப் பெரியவர் ஐந்து, பிள்ளைகள் நான்கு. உன் அத்தான் வாசலில் லாரி டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் உள்ளே இருந்தது, அவரைச் சேர்க்கவில்லை. பங்குச் சாமியார் வருகிறேன் என்றார், வரவில்லை.

நோட்டில் எழுதிய கையோடு கடிதத்தையும் தொடங்கியதால் சுகம் விசாரிக்கும் முன்பே பேர்ப்பட்டியல் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூவரும் மாதாவின் தயவில் இருக்கிறோம். உன் இடுப்புவலி எப்படி? சேவியர் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா?

கூடியது எதற்கென்றால், நாலு பிள்ளைகளுக்கும் பள்ளியில் ஓர் உதவியாள் வேண்டும். கழிப்பறைக்குப் பிடிகம்பி வேண்டும், கதவை அகலமாக்க வேண்டும். வகுப்பில் பதினோரு பிள்ளைகள், ஒரே டீச்சர். தலைமையாசிரியரிடம் கேட்டால் "அந்தப் பதவியே நம்ம பள்ளிக்கு இல்லம்மா" என்கிறார். அதனால் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதப்போகிறோம். கேட்டதும் எல்லோரும் மலாயில் "போலே, போலே", முடியும் முடியும் என்று தலையாட்டினார்கள். ஆ லான் மட்டும் என் நோட்டைப் பார்த்து, "ஆயி, நீ எழுதுறதப் பாத்தா நாங்க என்னமோ திருடிட்டு வந்து ஒக்காந்த மாதிரி இருக்கு. டீ வருமா வராதா?" என்றாள்.

பெர்னதெத் பள்ளிக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. இரண்டு வருஷம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள், ஜனவரி மூன்றாம் தேதி நீ கூட வந்து விண்ணப்பப் பாரம் எழுதிய அன்றைக்குத்தான் பேரைச் சேர்த்தார்கள். உன் கை ராசி. கால் தரையில் நிற்காவிட்டாலும், பென்சில் விரலில் நிற்காவிட்டாலும், கரும்பலகையில் இருப்பதை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிறாளாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஜாடித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறாள். வெயில் அப்படி.

என் மலாய் மீன்கடை மலாய். மனுவை நீதான் நல்ல மலாயில் எழுதித் தர வேண்டும்.

உனக்காக ஜெபிக்கும்
அக்காள் அருளாயி


ஜொகூர் பாரு,
4-3-2002

அன்பு அக்காவுக்கு,

ஜெசிந்தா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கண்டு இவரும் நானும் சிரித்தோம். எங்கள் ஆபீசில் கூட்டக் குறிப்பு எழுதும் பெரிய கிராணி உங்களிடம் பாடம் படிக்க வேண்டும். இடுப்புவலி தேவலை. இவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகஸ்டில் ஆகும் என்கிறார்கள். அத்தானுக்கு இனிப்புநீர் எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

மனு இத்துடன் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். மூன்று பிரதி எடுங்கள். கொடுக்கும்போது ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். பதிவு செய்த அன்றைக்கு எழுதிய பாரத்தைப் பற்றி மனுவில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் வாயால் சொல்ல வேண்டாம். அது வேறு, இது வேறு. அதைக் கிளப்பினால் குழப்பம்தான் வரும்.

பெர்னாக் குட்டிக்கு முத்தம். அவள் வாசிக்க இரண்டு கதைப் புத்தகம் அனுப்புகிறேன்.

தங்கள் தங்கை
ஜெசிந்தா


சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
24-3-2002, குருத்து ஞாயிறு

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

உன் புத்தகங்கள் வந்தன. பெர்னதெத் ஒன்றை முடித்துவிட்டாள். பக்கம் திருப்ப மூக்கைப் பயன்படுத்துகிறாள், புத்தகம் ஈரம். நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க இன்று குருத்தோலையை உன் பேருக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மனுக் கொடுத்தோம். இந்த இரண்டு வருஷத்தில் கல்வி அலுவலகத்துக்கு நான் போனது இது இருபத்து மூன்றாம் தடவை. போனவர்கள் நான், சுபைதா, மாரியாயி. ஐந்தாம் கவுண்டர்க்காரர் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எங்க போனீங்க?"

"மூணாம் கவுண்டருக்கு."

"அங்க என்ன சொன்னாங்க?"

"ஒங்ககிட்ட வரச் சொன்னாங்க."

"நான் மூணுக்குத்தானே அனுப்புவேன்."

சுபைதா பொறுமைக்காரி, அவளே எட்டிப் பார்த்து, "ஐயா, எம் புள்ளைக்குத்தான் காது கேக்காது. ஒங்களுக்குமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். முத்திரை குத்தினார். பிறகு வழக்கமான கேள்விதான்: "போலே ஊருஸ் செண்டிரி?" நானும் வழக்கம் போல "போலே" என்றேன். ஊருஸ் என்ற சொல்லை இந்த இரண்டு வருஷத்தில் ஜெபமாலை போல உருட்டிவிட்டேன். ஊருஸ் என்றால் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராய் அலைவது. 'நீயே அலைந்துகொள்வாயா?' என்று கேட்கிறார்கள். அலைய மாட்டேன் என்றால் பிள்ளைக்கு யார் அலைவார்கள்?

பெர்னதெத்துக்கு இந்த மாதம் இரண்டு தடவை காய்ச்சல். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்கிறாள். கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், சூடு என்றார்கள். இளநீர் கொடுக்கிறேன்.

நீ சொன்னபடி பாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன் என்று மட்டும் புரியவில்லை. எல்லாம் சரியாகத்தானே எழுதினாய்?

பாஸ்கா ஆசீரோடு
அக்காள் அருளாயி


சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
28-4-2002, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு சுகமில்லையோ என்று கவலை. இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

இம்மாதம் பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை, பத்து மணி இடைவேளையில், பெர்னதெத் மெய்யிடம் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். கதவில் நாற்காலி நுழையாது. பெர்னதெத் நாற்காலியிலிருந்து இறங்கித் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறாள். வழுக்கி, தலை தொட்டியில் இடித்துக் குப்புற விழுந்திருக்கிறாள். கை மடங்கி உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உரக்கக் கத்த அவளுக்கு எங்கே குரல்?

மெய் ஓடிப்போய் டீச்சரின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "பெனா, பெனா" என்றிருக்கிறாள். பெர்னா என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும். டீச்சர் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மெய் அதை வீசி எறிந்துவிட்டு மறுபடியும் "பெனா" என்றாளாம். டீச்சர் அவளை மூலையில் நிற்க வைத்துவிட்டார். இதை டீச்சரே அழுதுகொண்டு என்னிடம் சொன்னார்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கூட்டுகிற அம்மா கண்டெடுத்தார். இரண்டு மணி நாற்பது நிமிஷம்.

பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். தலைக்காயம் பெரிதில்லை, நாலு தையல். கிருமி சிறுநீரில் தொடங்கி, பல வாரமாய் மேலே ஏறி, வலது சிறுநீரகம் வரை போய்விட்டதாம். டாக்டர் என்னைத்தான் திட்டினார்: "புள்ளைக்குத் தண்ணி குடுக்கிறதில்லையாம்மா?" நான் ஜாடியைப் பற்றிச் சொன்னேன். பெர்னதெத் படுத்தபடி சொன்னாள், "வீட்லதான் குடிப்பேன் டாக்டர். பள்ளிக்கூடம் போற அன்னிக்குக் காலைலேருந்து குடிக்க மாட்டேன். குடிச்சா போவணும். போனா யாரு தூக்குவா?"

பள்ளிக்குப் போய்க் கேட்டேன். தலைமையாசிரியர் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா? முடியும். கீழே உங்கள் கையெழுத்து. அதனாலதான் சேத்தோம். இல்லேன்னா சட்டப்படி சேக்கவே முடியாது. இப்ப உதவியாள் இல்லேன்னு எங்க மேல சொன்னா எப்படிம்மா?" காகிதத்தைக் கையில் தரவில்லை.

நாம் அப்படி எழுதுவோமா? ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாத பிள்ளையைப் பற்றி? கையெழுத்துப் போட்ட பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். பாரத்தை வாங்கி வைத்தது அந்தக் கிராணி நோராய்னி. நீ என்ன எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கும். எழுது.

அக்காள் அருளாயி


ஜொகூர் பாரு,
20-5-2002

அன்பு அக்காவுக்கு,

தங்கை ஜெசிந்தா கலங்கிய மனதோடு எழுதுவது. கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். பாதி நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெர்னா இப்போது எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? அத்தானும் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அவளுக்கு இரண்டு மெத்தென்ற சட்டையும் சத்து மாவும் அனுப்பியிருக்கிறேன். தினமும் அவளுக்காக ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்கிறேன்.

பாரத்தில் நிறையக் கட்டங்கள் இருந்தன, அக்கா. எதில் என்ன குறித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இங்கு மழை.

தங்கள் தங்கை
ஜெசிந்தா


சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
9-6-2002, ஞாயிறு

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

பார்சல் வந்தது. சட்டை அளவாக இருக்கிறது. அவள் இளைத்ததால் அளவாகிவிட்டது. உன் இடுப்புக்கு எண்ணெய் போடுகிறாயா? அத்தானுக்குக் காலில் புண் ஆறிவிட்டது.

மாநில அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டால் இழுக்கிறாய், எனவே தண்டபாணியின் முதலாளி மகன் எழுதித் தந்தான். பாரம் திருத்தப்பட்டது, திருத்தியது கிராணி, பிள்ளைக்கு நடந்ததற்குப் பள்ளி பொறுப்பு, நாலு பிள்ளைகளுக்கும் உதவியாள் உடனே வேண்டும் என்று. சும்மா எழுதவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, "என் மகள் தானே பார்த்துக்கொள்வாள் என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை" என்று ஆணையிட்டேன். சாமியார் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. பொய்யென்றால் அல்லவா பயம்?

பெர்னதெத் பேரைப் பள்ளியில் அடித்துவிட்டார்கள். 'பாரத்தில் கண்டபடி இல்லை' என்று காரணம். மற்ற மூன்று பிள்ளைகள் போகிறார்கள். ஆ லான் தினமும் வகுப்பு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கடையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "ஈ இருக்கு" என்கிறாள்.

வியாழக்கிழமை மார்க்கெட்டில் நோராய்னி எதிரே வந்தாள். விசாரணை முடியும்வரை அவளை அலுவலக அறையிலிருந்து எடுத்துப் பழைய புத்தகம் அடுக்கும் அறையில் போட்டிருக்கிறார்களாம். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான் முத்திரை மட்டுந்தான் குத்துனேன். ஒனக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சதத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எனக்கும் மூணு புள்ளைங்க. ஒம் புள்ளய நான் கெடுப்பேனா? ஒரு எழுத்து மாத்தியிருந்தா என் கை வெளங்காமப் போவட்டும், அக்கா."

"வெளங்காத கையப் பத்தி எங்கிட்டப் பேசாத. நான் தெனமும் அதுக்குச் சோறு ஊட்டுறேன்."

அவள் அழுதாள். நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

விசாரணைக்கு உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவேன். நீ 'முடியாது' என்று எழுதினாய், அதை அவர்கள் 'முடியும்' என்று மாற்றினார்கள். அவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. லீவுக்குச் சொல்லி வை.

அக்காள் அருளாயி


ஜொகூர் பாரு,
5-8-2002

அன்பு அக்காவுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. உங்கள் இரண்டு கடிதமும் ஒரு தந்தியும் கிடைத்தன. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எங்கள் பங்கிலிருந்து பஸ் ஏறிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தோம். முழங்காலில் மலை ஏறினேன். அங்கே ஊற்றில் பிடித்த தண்ணீரை ஒரு போத்தல் பெர்னாவுக்கு அனுப்புகிறேன். விசுவாசத்தோடு குடிக்கச் சொல்லுங்கள்.

இவருக்கு இன்னும் நிரந்தர ஓலை வரவில்லை. நானும் அரசாங்கக் கிராணி, அக்கா. அரசாங்கப் பள்ளிக்கு எதிராகப் போய் நின்றால் இருவர் கோப்பும் மேசைக்கு அடியில் போய்விடும். அதற்காகச் சொல்லவில்லை. அதற்காகவும் சொல்கிறேன்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். உதவியாள் கேட்டுப் போராடுங்கள், கதவைக் கேளுங்கள், பெர்னாவின் பேரைத் திரும்பச் சேர்க்கக் கேளுங்கள். அந்தக் கிராணியின் மேல் எழுதியதை மட்டும் வாபஸ் வாங்கிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அத்தானுக்கு அன்பு. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா


சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
18-8-2002, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

போத்தல் உடையாமல் வந்தது. பெர்னதெத் இப்போது வீட்டிலும் தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டர் ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் என்கிறார். நான் நோட்டில் மடக்குக் கணக்கு எழுதுகிறேன், பத்து மடக்கு தாண்டிய நாள் இல்லை. அன்னம்மாள் தண்ணீரைக் கரண்டியில் ஊற்றி வாயருகே கொண்டுபோனேன். "இது சாமித் தண்ணிதானேம்மா? இது குடிச்சா ஒண்ணுக்கு வராதுல்ல?" என்று கேட்டாள். வரும் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். வராது என்று சொல்லியிருக்கலாம்.

விசாரணை செப்டம்பர் 12, வியாழக்கிழமை. அதற்காகப் பாரத்தின் நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். நேற்று முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தம் ஒன்றும் இல்லை. அழித்த தடமும் இல்லை. 'முடியும்' என்ற கட்டத்தில் ஒரே கோடு. வீட்டு எண்ணில் ஏழு வருகிறது. அந்த ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு இருக்கிறது. ஏழுக்கு இடுப்புக்கட்டு எதற்கு என்று உன்னைச் சின்ன வயதில் நான் கேலி செய்ததுண்டு.

கீழே என் கையெழுத்து. அது மட்டும் ஏன் கோணிக்கொண்டு, கீழே சரிந்து கிடக்கிறது என்று தெரியவில்லை. என் எழுத்து கோடு போட்ட மாதிரி நிற்கும், உனக்கே தெரியும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அருளாயி


ஜொகூர் பாரு,
24-8-2002

அக்கா,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை.

அந்தக் கோடு நான் போட்டதுதான். நோராய்னிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதை நானாகப் போடவில்லை. தலைமையாசிரியர் கேட்டார், பதில் வந்தது, நான் குறித்தேன். திருத்திச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, திறக்கவில்லை. சொன்னால் மூன்றாம் வருஷமும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்திருப்பீர்கள். உள்ளே போய்விட்டால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். முழுப் பழியும் என் மேல் இருக்கட்டும். அப்படியே சொல்லிவிடுங்கள். அந்த ஜனவரி நோட்டை மட்டும் திறக்க வேண்டாம்.

ஜெசிந்தா


சேசு மரி சூசை துணை

பாயா செராய்,
1-9-2002, ஞாயிறு

அன்புள்ள தங்கை ஜெசிந்தாவுக்கு,

உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? மலையை முழங்காலில் ஏறியது யாருக்காக என்று இப்போது விளங்குகிறது. இங்கே அத்தான் சுகம். பெர்னதெத்துக்கு வலது சிறுநீரகம் இனி வேலை செய்யாது என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள். இடதைக் காப்பாற்ற வேண்டும்.

நோட்டைத் திறந்தேன். நான் எழுதியது இதுதான்: "3-1-2002, வியாழன். தலைமையாசிரியர் அறை. இருந்தவர்கள் நால்வர்: தலைமையாசிரியர், கிராணி நோராய்னி, நான், தங்கை ஜெசிந்தா. தலைமையாசிரியர், போலே ஊருஸ் செண்டிரி என்று கேட்டார். போலே துவான் என்றேன். பேர் சேர்ந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்."

அவர் பிள்ளையைக் கேட்டார்: ஊருஸ் என்றால் பார்த்துக்கொள்வதும்தான், தன்னைத் தானே பார்த்துக்கொள்வாளா என்று. நான் என்னைக் கேட்டதாக நினைத்தேன். மிச்சக் காகிதத்தையெல்லாம் நீயே அலைந்து முடித்துக்கொள்வாயா என்று. இரண்டு வருஷமாய் அந்தச் சொல்லுக்கு எனக்கு வேறு பொருள் இல்லை. எவ்வளவு சந்தோஷமாய்ச் சொன்னேன் என்பது கூட நினைவிருக்கிறது. நான் சொன்னதை நீ எழுதினாய். அதை எனக்குத் தெரியவிடாமல் ஏழு மாதம் நீ சுமந்தாய். நான் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுப் பொய் சொன்னேன், ஒரு மூன்று பிள்ளைத் தாயைப் புத்தக அறையில் அடைத்தேன்.

புதன்கிழமை நோராய்னி வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். சொன்னேன். அவள் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு, "அக்கா, நானும் அங்கதான் நின்னேன். நீ போலேன்னப்ப, இந்தப் புள்ள எப்படித் தானே பாத்துக்கும்னு எனக்கும் தோணுச்சு. பெரியவரே எழுதச் சொல்லும்போது நமக்கென்னன்னு முத்திரையக் குத்திட்டேன்" என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

நேற்று நம் வீட்டில் கூடினோம். சொன்னதும் தண்டபாணி மாரியாயியைக் கையைப் பிடித்து எழுப்பினான். "பொய்யாணை போட்டவங்க பின்னாடி நின்னா எங்க புள்ள பேரயும் அடிச்சுருவாங்க. வா போவலாம்." போய்விட்டார்கள். சுபைதா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆ லான் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆயி, ஒரு வார்த்தைக்குப் போயி இவ்ளோ அழுவுற. எம் பொண்ணு பெனான்னு ரெண்டு தடவ சொன்னா. அவங்க பேனா குடுத்தாங்க. அவங்க யாராச்சும் அழுதாங்களா?" என்றாள்.

இரவு ஜெபம் முடிந்து பெர்னதெத்திடம் கேட்டேன்: "பள்ளிக்கூடத்துல தூக்கி விடுங்கன்னு ஏண்டி ஒரு தடவகூடக் கேக்கல?"

"நீதானே போலேன்னு சொன்ன."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒன் இடுப்புலதானேம்மா இருந்தேன். நீ சொன்னதும் அவர் என்னப் பாத்தாரு. நீ பொய் சொன்னதா ஆயிடக் கூடாதுன்னு நான் தண்ணி குடிக்கல."

நாற்காலி அப்போது வரவில்லை அல்லவா? நான் அவளை இறக்கவே இல்லை. இடது இடுப்பில் பிள்ளை, காகிதம் நழுவாமல் நீ பிடித்துக்கொண்டாய், நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் அது சரிந்து கிடக்கிறது. இருந்தவர்கள் நால்வர் என்று எழுதிய நான், என் மேலேயே இருந்தவளை எண்ணவில்லை. இப்போது சிவப்பு மையில் ஐந்தாவது பேரைச் சேர்த்திருக்கிறேன்.

12ஆம் தேதி நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன். போலே என்று சொன்னது நான். நோராய்னி மேல் எழுதியது தப்பு. ஆனால் நான் அதைச் சொன்னபோது பிள்ளை என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தாள், கை மடங்கி, தலை சாய்ந்து. கேட்டவர் அவளைப் பார்த்தார். பார்த்த பிறகும் என் வாயைத்தான் எழுதச் சொன்னார், கண்ணால் கண்டதை எழுதச் சொல்லவில்லை. ஒரு தாயின் வார்த்தை வந்துவிட்டால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். பெர்னதெத்துக்கும் மெய்க்கும் ஹக்கிமுக்கும், போய்விட்டவர்களின் கோமதிக்கும் சேர்த்துத்தான் கேட்பேன்.

ஆனால் பொய்யாணை இட்டவளின் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? அதற்குத்தான் நீ வேண்டும். வர வேண்டாம். மூன்று வரி மலாயில் எழுதினால் போதும்: அன்று அறையில் ஐந்து பேர் இருந்தோம். பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தாள், இறக்கி விடப்படவில்லை. அதை எல்லோரும் பார்த்தோம். கீழே உன் முழுப்பேர், கையெழுத்து, தேதி. நோராய்னியும் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். அவளுக்கும் அரசாங்க வேலைதான். சேவியர் தம்பியின் ஓலை எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தேதான் கேட்கிறேன்.

இன்று காலையிலிருந்து பெர்னதெத் குடித்தது நாலு மடக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால், "அம்மா, நீ இங்கதானே இருக்க?" என்று கேட்கிறாள்.

தபால் வர நாலு நாள் ஆகிறது. செவ்வாய்க்கிழமை பத்தாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். பதில் சீக்கிரம் எழுது.

அக்காள் அருளாயி